சிரித்த முகத்தோடு ஒரு பவுண்

1991ஆம் ஆண்டு மார்ச் மாதம். நாங்கள் லண்டனுக்கு வந்து ஆறு மாதங்கூட ஆகியிருக்கவில்லை. ஏழு வயது மகன் பாடசாலை விட்டு வரும்போது கையில் ஒரு கடிதத்தோடு வந்தான். அந்த நாட்களில் பாடசாலையிலிருந்து கடிதம் வந்தாலே எனக்கு நெஞ்சு பதைக்கும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் வாசிப்பேன். அன்று முழுவதையும் வாசித்து முடித்த பிறகும் ஒன்றும் விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை பிள்ளைகள் சீருடை அணியத் தேவையில்லை. சிவப்பு உடுப்புப் போடலாம். மூக்கின் மேல் சிவப்பு நிறத்தில் ஒரு பொய் மூக்கு மாட்டிக்கொண்டு வரலாம். வரும்போது ஒரு பவுண் கொண்டுவர வேண்டும். இவ்வளவுதான் கடிதத்தில் இருந்தது.

“பள்ளிக்கூடத்தில என்ன கூத்தே நடக்குது?” என்றார் என் கணவர். அவருக்கு அப்போது வேலை செய்ய அனுமதி கிடைத்திருக்கவில்லை. “நாங்களே அரசாங்கம் தாற காசில அரிசி வாங்கிறம். எங்களிட்டயோ தர்மம் கேக்கினம்?”

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒரு பவுண் என்பது அன்றைக்கு எங்கள் வீட்டில் இரண்டு நாள் பாண் காசு. ஆனால் மகன் விடவில்லை. வகுப்பில் எல்லோரும் கொண்டுவருவார்கள், தான் மட்டும் வெறுங்கையோடு போவதா என்று அழத் தொடங்கிவிட்டான். கடைசியில் பேர்சைத் திறந்து ஒரு பவுண் குற்றியை எடுத்து மேசையில் வைத்தேன். வைத்தேன் என்பதைவிட எறிந்தேன் என்று சொல்வதுதான் சரி. “இந்தா, கொண்டுபோய்க் குடு. இங்க காசு மரத்தில காய்க்குதெண்டு நினைக்கினம்” என்றும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மகன் வந்தான். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: “அம்மா, பெட்டிக்குள்ள காசு போடேக்க எல்லாரும் சிரிச்சவை. எனக்குச் சிரிப்பு வரேல்லை. நீங்கள் கோவமாத் தந்த காசெண்டு அந்தப் பிள்ளையளுக்குத் தெரியுமோ?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் போய்விட்டன. இந்த நாட்டுக்கு அண்மையில் வந்து சேர்ந்திருக்கும் குடும்பங்களிலும் இதே கடிதம் வரப்போகிறது, இதே கோபமும் வரப்போகிறது. ஆகவே நான் பிந்திக் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சிவப்பு மூக்கின் கதை

முதலில் அந்த மூக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1983 முதல் 1985 வரை எதியோப்பியாவில் கொடிய பஞ்சம் நிலவியது. மழை பொய்த்ததும் உள்நாட்டுப் போரும் சேர்ந்து பல இலட்சம் உயிர்களைக் குடித்தன. உயிர் தப்பியவர்கள் எல்லை கடந்து சூடானில் அகதி முகாம்களில் ஒதுங்கினார்கள். அந்தப் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்து உலகமே கலங்கியது.

பிரித்தானியாவில் றிச்சர்ட் கேர்ட்டிஸ் என்ற நகைச்சுவை எழுத்தாளரும், லெனி ஹென்றி என்ற நகைச்சுவை நடிகரும் ஒன்றுசேர்ந்து 1985இல் ‘கொமிக் றிலீவ்’ என்ற தர்ம அமைப்பைத் தொடங்கினார்கள். லெனி ஹென்றியின் பெற்றோர் ஜமெய்க்காவிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். அந்த அமைப்பு தொடங்கப்பட்ட செய்தி, 1985 நத்தார் தினத்தன்று சூடானில் உள்ள ஓர் அகதி முகாமிலிருந்து பி.பி.சி. தொலைக்காட்சியில் நேரடியாக ஒலிபரப்பாகியது. அழவைத்துக் காசு சேர்ப்பதுதான் அதுவரை வழக்கம். இவர்கள் சிரிக்கவைத்துச் சேர்த்துப் பார்ப்போம் என்று துணிந்தார்கள்.

முதலாவது ‘சிவப்பு மூக்கு நாள்’ 1988 பெப்ரவரி 5ஆம் திகதி நடந்தது. கோமாளிகள் போடுவார்களே, அதே உருண்டைச் சிவப்பு மூக்குத்தான். அலுவலகத்துப் பெரிய அதிகாரியும் மாட்டினார், பஸ் ஓட்டுபவரும் மாட்டினார், பாடசாலை அதிபரும் மாட்டினார். ஒருவர் தலையை மொட்டையடித்துக் காசு சேர்த்தார். இன்னொருவர் அவித்த போஞ்சி விதை நிறைந்த குளியல் தொட்டியில் உட்கார்ந்து காசு சேர்த்தார். அந்த ஒரு நாளில் சேர்ந்த தொகை சுமார் 1 கோடி 50 இலட்சம் பவுண். அதன் பிறகு பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவையாகவும், அண்மைக் காலத்தில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் இந்த நாள் நடைபெற்று வருகிறது. தொடங்கி முப்பது ஆண்டுகள் நிறைந்த 2015இல், சேர்ந்த மொத்தத் தொகை 100 கோடி பவுணைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார்கள். அந்தப் பணம் ஆபிரிக்காவுக்கு மட்டும் போவதில்லை. இந்த நாட்டிலே வீடில்லாதவர்கள், வீட்டு வன்முறைக்கு உள்ளானவர்கள், அகதிகள் ஆகியோருக்காக வேலை செய்யும் சிறிய அமைப்புகளுக்கும் போகிறது.

எதியோப்பியாவின் பசிக்கும் கோமாளி மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் துயரப் படத்தை மாத்திரம் திரும்பத் திரும்பப் பார்த்தால் மனிதர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ‘என்னால் என்ன செய்ய முடியும்’ என்ற சலிப்பு வந்துவிடும். சிரித்துக்கொண்டு பத்துப் பேர் சேர்ந்து செய்யும் காரியத்தில் பதினொராவது ஆளும் தானாக வந்து சேருவார். கோயில் தேர் வடத்தை யாரும் யாரையும் வற்புறுத்தி இழுக்கவைப்பதில்லையே!

எல்லாம் சிரிப்பாகவே முடிந்தது என்றும் சொல்லிவிட முடியாது. இங்கிருந்து பிரபலமானவர்கள் ஆபிரிக்காவுக்குப் போய், ஏழைப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுப்பது அந்த மக்களைக் கையாலாகாதவர்களாகக் காட்டுகிறது என்று கண்டனங்கள் எழுந்தன. 2019இல் இது பெரிய விவாதமாக வெடித்தது. 2020இல் அந்த அமைப்பு, இனிமேல் அப்படிப் பிரபலங்களை அனுப்பிப் படம் எடுப்பதில்லை என்றும், அந்தந்த நாட்டவர்களே தங்கள் கதையைப் படமாக்குவார்கள் என்றும் அறிவித்தது. முகாம் வாசலில் வரிசையில் நின்ற எங்களுக்கு இந்த விவாதம் நன்றாக விளங்கும். எங்களையும் யாரோ படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் எங்கள் பெயர் இருக்கவில்லை.

இரண்டு மேசைகள்

கொடுப்பவரின் முகத்தைப் பற்றிப் பேச எமக்கு உரிமை உண்டு. ஏனென்றால் வாங்குபவரின் பக்கத்தில் நாம் நின்றிருக்கிறோம்.

நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் பிள்ளைகளுக்குக் குளிர் உடுப்பு இல்லை. ஓரிடத்தில் பழைய உடுப்புக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பிள்ளைகளின் வயதைக் கேட்டார், ஒரு பையைத் தூக்கி மேசையில் போட்டார், அடுத்தவரைக் கூப்பிட்டார். நல்ல உடுப்புகள்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கோட்டை மகனுக்குப் போடும்போதெல்லாம் எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வரும்.

பிறகு ஒரு நாள், எங்கள் தெருமுனையில் இருந்த தேவாலய மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த வயதான வெள்ளைக்கார அம்மா எழுந்து நின்று, கதிரையை இழுத்துப் போட்டு, இருங்கள் என்று கை காட்டினார். தேநீர் தந்தார். என் பெயரைக் கேட்டார். சரியாகச் சொல்ல வராமல் மூன்று தடவை முயன்று, தன்னைத் தானே பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு வீட்டுக்கு வெளியே நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்று அவர் தந்தது ஒரு சோடிக் கையுறை மட்டுமே. அதில் ஒன்று இப்போதும் என் அலுமாரியில் கிடக்கிறது.

முதலாம் மேசையில் கிடைத்தது பெறுமதியில் கூடியது. ஆனால் அங்கிருந்து நான் குனிந்த தலையோடு வெளியே வந்தேன். இரண்டாம் மேசையிலிருந்து நிமிர்ந்து வந்தேன்.

தனிமனிதர் முகத்துக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் முகம் உண்டு. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கே அகதிக் கோரிக்கையாளர்களுக்குக் காசுக்குப் பதிலாக ‘வவுச்சர்’ என்னும் சீட்டுகள் கொடுக்கும் முறை வந்தது. குறிப்பிட்ட கடைகளில் மட்டுமே அவற்றைக் கொடுத்துச் சாமான் வாங்கலாம். சீட்டின் பெறுமதியை விடக் குறைவாகச் சாமான் வாங்கினால் கடைக்காரர் மிச்சக் காசு தரக் கூடாது என்பது விதி. பின்னால் நிற்கும் சனம் பார்த்துக்கொண்டிருக்க, மிச்சத்துக்குச் சரியாக வர எதை எடுப்பது என்று எம்மவர்கள் தடுமாறியதை நான் கண்டிருக்கிறேன். பல தரப்பினரின் எதிர்ப்புக்குப் பிறகு 2002இல் அந்த முறை கைவிடப்பட்டது. சோறு போட்டும் மனதைப் பட்டினி போடலாம் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

முன்னோர் அறிந்த உண்மை

இது எமக்குப் புதிய பாடம் அல்ல. திருக்குறளில் ‘இனியவை கூறல்’ என்ற அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மனம் மகிழ்ந்து ஒரு பொருளைக் கொடுப்பதைவிட, முகம் மலர்ந்து இனிய சொல் சொல்லக் கிடைத்தால் அது மேலானது என்கிறார் வள்ளுவர். ஈகைக்குத் தனியாக ஓர் அதிகாரமே எழுதியவர்தான் இதையும் சொல்கிறார். அதற்கு முந்திய ‘விருந்தோம்பல்’ அதிகாரத்தில் அனிச்சம் பூவைக் காட்டுகிறார். அந்தப் பூ முகர்ந்து பார்த்தால்தான் வாடும். விருந்தாளியோ, எமது முகம் சற்று மாறுபட்டாலே வாடிவிடுவார். முதலாம் மேசைக்கு முன்னால் நான் வாடியதை வள்ளுவர் எப்படி அறிந்தார் என்று எண்ணிக்கொள்வேன்.

எங்கள் ஊர்களில் ‘பிடியரிசி’ என்றொரு வழக்கம் இருந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். சோற்றுக்கு அரிசி அளந்து எடுக்கும்போது அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். மாத முடிவில் அது கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகும். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையை இப்படி வீடு வீடாகச் சேர்ந்த பிடியரிசியும் தாங்கி நின்றது. அந்த ஒரு பிடியைப் போட்ட பெண்களில் பெரும்பாலோர் வசதி படைத்தவர்கள் அல்லர். ஆனால் ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது, ‘நானும் கொடுக்கிறவள்’ என்ற நிறைவு அவர்களுக்குக் கிடைத்தது. கையேந்தும் நிலைக்குத் தள்ளப்பட்ட ஒருவருக்கு அந்த நிறைவைவிட மருந்து வேறில்லை.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனை ‘அன்னதானக் கந்தன்’ என்றே சொல்வோம். அங்கே மடத்தில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பணக்காரரா பிச்சைக்காரரா என்று யாரும் கேட்பதில்லை. “இன்னும் கொஞ்சம் போடட்டோ?” என்று குனிந்து கேட்டுப் பரிமாறுவார்கள். குனிகிறவர் கொடுப்பவர், நிமிர்ந்து இருக்கிறவர் வாங்குபவர். இந்த ஒழுங்கை அமைத்தவர்கள் மனித மனதை அறிந்தவர்கள்.

மற்றைய சமயங்களும் இதையே சொல்கின்றன. உன் சகோதரனைப் பார்த்துப் புன்முறுவல் செய்வதும் ஒரு தர்மமே என்பது இஸ்லாமியர் போற்றும் நபிமொழி. மனவருத்தத்தோடும் கட்டாயத்துக்காகவும் கொடாமல் மகிழ்ச்சியோடு கொடுக்கும்படி கொரிந்து நகரத்தாருக்கு எழுதினார் புனித பவுல். யூத அறிஞர் மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டில் தர்மத்தை எட்டுப் படிகளாகப் பிரித்தார். முகம் கோணிக்கொண்டு கொடுப்பதை அவர் கடைசிப் படியில் வைத்தார். கொடுக்க வேண்டியதிலும் குறைவாகக் கொடுத்தாலும் நல்ல முகத்தோடு கொடுப்பவரை அதற்கு மேற்படியில் வைத்தார். ஒருவரைப் பிறர் கையை எதிர்பாராமல் சொந்தக் காலில் நிற்கவைப்பதே எல்லாவற்றிலும் உயர்ந்த படி என்றார். அவர் ஸ்பெயினில் கோர்டோவா நகரில் பிறந்து, சமயக் கொடுமையால் குடும்பத்தோடு வெளியேறி, மொறோக்கோ வழியாகப் போய் எகிப்தில் குடியேறியவர். அவரும் எங்களைப் போல ஓர் அகதிதான்!

ஆராய்ச்சியாளர் கண்டது

சமயம் சொன்னதை விஞ்ஞானமும் சோதித்துப் பார்த்திருக்கிறது. கனடாவின் வன்கூவர் நகரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2008இல் வெளியான ஓர் ஆய்வுக்காக 46 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். காலையில் சிலருக்கு 5 டொலரும் சிலருக்கு 20 டொலரும் கொடுத்தார்கள். பாதிப் பேர் அதைத் தங்களுக்காகவும், மற்றப் பாதிப் பேர் பிறருக்காகவும் பின்னேரம் 5 மணிக்குள் செலவழிக்க வேண்டும். அன்று மாலை விசாரித்தபோது பிறருக்காகச் செலவழித்தவர்களே கூடிய மகிழ்ச்சியோடு இருந்தார்கள். காசு 5 டொலரா 20 டொலரா என்பதால் வித்தியாசம் வரவில்லை.

2012இல் வெளியான இன்னோர் ஆய்வில் இரண்டு வயதுகூட நிறையாத குழந்தைகளுக்குச் சிறிய பிஸ்கற் துண்டுகளைக் கொடுத்து, ஒரு பொம்மைக்கும் கொடுக்கச் சொன்னார்கள். தங்களுக்குக் கிடைத்தபோது இருந்ததைவிடப் பொம்மைக்குக் கொடுத்தபோது குழந்தைகளின் முகம் கூடுதலாக மலர்ந்தது. அதிலும் வேறு யாரோ தந்ததை எடுத்துக் கொடுத்தபோது இருந்ததைவிட, தங்கள் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோதுதான் மலர்ச்சி அதிகம். கொடுத்து மகிழ்வது பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டிய பாடம் அல்ல, அவர்கள் கொண்டுவருகிற குணம் என்று தோன்றுகிறது. ‘காசு மரத்திலயோ காய்க்குது’ என்று சொல்லி அதை வாடவைப்பது நாம்தான். நான் செய்ததும் அதுவே.

தொலைபேசியில் வந்த பெருமூச்சு

இனி, எழுதக் கூச்சமான ஒரு விடயத்துக்கு வருகிறேன்.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் அம்மா யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, அலைந்து திரிந்து, 1996இல் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் வந்து சேர்ந்தா. மாதாமாதம் நான் காசு அனுப்பினேன். ஒரு மாதமும் தவறவில்லை, அதில் எனக்குப் பெருமை. ஆனால் ஒவ்வொரு தடவை தொலைபேசி எடுக்கும்போதும், “இந்த மாதமும் கரைச்சல்தான் அம்மா. இவருக்கு இரவு வேலை. வாடகை கூட்டிப்போட்டான். கடன்பட்டுத்தான் அனுப்புறன்” என்று சொல்லாமல் விடமாட்டேன். பொய் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் உண்மைதான்.

ஒன்றரை வருடம் கழித்து, அதே வீட்டில் அறை எடுத்திருந்த உறவுக்காரப் பெண் எனக்குத் தனியாகச் சொன்னாள்: “மாமிக்கு ஒரு கண் தெரியுதில்லை அக்கா. கண்ணில புரை விழுந்திட்டுது, ஒப்பிறேசன் செய்ய வேணுமெண்டு டொக்டர் சொல்லி வருசமாகுது. உங்களிட்டச் சொல்ல வேண்டாமெண்டு மறிச்சுப்போட்டா.”

நான் பதறியடித்து அம்மாவைக் கேட்டேன். அவ கோபிக்கவில்லை. “உன்ர குரலைக் கேட்டா கேக்க மனம் வரேல்லைப் பிள்ளை. நீ அங்க மாயிறாய் எண்டு தெரியும். ஒரு கண் போதுமெண்டு இருந்திட்டன்” என்றா.

பிறகு சிகிச்சை செய்தோம், பார்வையும் வந்தது. அதற்கான காசை இரண்டு மாதத்தில் என்னால் புரட்ட முடிந்தது. ஒன்றரை வருடமாக அம்மாவைத் தடுத்தது காசில்லாமை அல்ல, என் பெருமூச்சு. நான் அனுப்பிய ஒவ்வொரு பவுணோடும் ஒரு சுமையையும் கட்டி அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் தந்த காசென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று மகன் கேட்டானே, தெரியும். வாங்குகிறவர்களுக்கு எப்போதும் தெரியும்.

புதிதாக வந்திருக்கும் சகோதர சகோதரிகளே! ஊரில் இருப்பவர்களுக்கு எமது கஷ்டத்தை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இங்கே தெருவில் காசு கொட்டிக் கிடக்கிறது என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தால் அதைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் கஷ்டத்தைச் சொல்ல ஒரு நாள், காசு அனுப்ப ஒரு நாள் என்று பிரித்து வையுங்கள். 50 பவுண்தான் முடியும் என்றால், “இந்த மாதம் இவ்வளவுதான் முடிஞ்சுது, சந்தோசமாச் செலவழியுங்கோ” என்று சொல்லி அனுப்புங்கள். அந்த 50 பவுண் நிம்மதியாகச் செலவாகும்.

சிரிப்பும் வேண்டும், விழிப்பும் வேண்டும்

முகம் மலர்ந்து கொடுப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பது அல்ல. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். இந்நாட்டுக்குப் புதியவர்கள் மனதில் கொள்ளவேண்டிய சில விடயங்கள்:

யாராவது வாசலில் வந்தோ கடைவாசலில் நின்றோ காசு கேட்டால், எந்த அமைப்பு என்றும் அதன் பதிவு இலக்கம் என்ன என்றும் தயங்காமல் கேளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தர்ம அமைப்புகளைப் பதிவு செய்து கண்காணிப்பதற்கென்று ஓர் ஆணைக்குழு இருக்கிறது. அதன் பதிவேட்டை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். நேர்மையானவர்கள் இப்படிக் கேட்பதற்குக் கோபிக்கமாட்டார்கள். எம்மவர் என்று சொல்லிக்கொண்டு வருபவரிடமும் இதைக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

நீங்கள் வேலை செய்து வருமானவரி கட்டுபவராக இருந்தால், காசு கொடுக்கும்போது ‘கிப்ட் எயிட்’ படிவத்தில் பெயர், விலாசம் எழுதிக் கையொப்பமிடுங்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் வீதம் அந்த அமைப்பு அரசாங்கத்திடமிருந்து பெற்றுக்கொள்ளும். உங்களுக்கு மேலதிகச் செலவு இல்லை. வரி கட்டாதவர்கள் இதில் கையொப்பமிடக் கூடாது.

கொடுக்க முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள். அதையும் சிரித்த முகத்தோடு சொல்லலாம். “இந்த முறை வசதியில்லை, அடுத்த முறை பாப்பம்” என்ற ஒரு சொல், முகத்தைச் சுளித்துக்கொண்டு எறியும் இரண்டு பவுணைவிட நல்லது. அதேபோல், பொது வேலைக்குக் காசு சேர்க்கப் போகிறவர்களும் ஒரு குடும்பத்தின் வாயை அடைத்துக் காசு வாங்கக் கூடாது. பக்கத்து வீட்டார் எவ்வளவு தந்தார்கள் என்று பட்டியலைக் காட்டி வெட்கப்படுத்துவது தர்மம் சேர்க்கும் முறையல்ல. அப்படி வாங்கிய காசில் மகிழ்ச்சியும் இல்லை, அடுத்த தடவை அந்தக் கதவு திறக்கப்போவதும் இல்லை.

காசு மட்டும்தான் கொடை என்று எண்ணவும் வேண்டாம். ஆண்கள் 12 வாரங்களுக்கு ஒருமுறையும், பெண்கள் 16 வாரங்களுக்கு ஒருமுறையும் இங்கே இரத்ததானம் செய்யலாம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தகுதி பற்றி முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அளவில்லாமல் போன உடுப்பைத் தோய்த்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுங்கள். கிழிந்ததைக் கொடுக்காதீர்கள். உங்களுக்குப் பிறகு வந்த குடும்பத்தை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்து கொடுங்கள். அவர்களுக்கு வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லுங்கள். நான் அகராதியோடு உட்கார்ந்திருந்த அந்த இரவுகளில் யாராவது ஒருவர் வந்து, “இது ஒண்டுமில்லை தங்கச்சி, பிள்ளையள் விளையாட்டாச் செய்யிற தர்மம்” என்று சொல்லியிருந்தால் அந்தப் பவுணை நான் எறிந்திருக்கமாட்டேன்.

பிள்ளையின் கையால்

கடைசியாக ஒரு வேண்டுகோள். மார்ச் மாதத்தில் உங்கள் பிள்ளையும் அந்தக் கடிதத்தைக் கொண்டுவரும். கட்டாயம் இல்லை. முடியாத குடும்பம் ஒரு பவுண் கொடாவிட்டால் எந்தப் பாடசாலையும் பிள்ளையை வெளியே நிறுத்தாது. பத்துப் பென்ஸ் கொடுத்தாலும் போதும். ஆனால் கொடுப்பதானால் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, இந்தக் காசு எங்கே போகிறது என்று சொல்லுங்கள். எங்களுக்கும் ஒரு நாள் ஒரு அம்மா கையுறை தந்தா, நாங்களும் ஒரு காலம் முகாமில் இருந்தோம், இன்று எங்களாலும் கொடுக்க முடிகிறது என்று சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் இந்த மண்ணில் வாங்குகிறவர்களாக மட்டும் வளரக் கூடாது. வகுப்பில் உள்ள மற்றப் பிள்ளைகளோடு சரிசமமாக அந்தப் பெட்டிக்குள் ஒரு குற்றியைப் போடும்போது அவர்களின் முதுகு தானாக நிமிரும்.

என் மகனுக்கு இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது. ஒரு மார்ச் மாதத்தில் அவனுடைய மகள் சிவப்பு மூக்கோடு என் முன்னால் வந்து நின்றாள். 1991இல் நான் கண்டது பிளாஸ்டிக் மூக்கு. 2021இலே கரும்புச் சக்கையில் செய்யத் தொடங்கினார்கள் என்று பேத்தி எனக்கு விளக்கம் சொன்னாள். “அம்மம்மா எண்டு கூப்பிடாமல் அப்பம்மா எண்டு கூப்பிடு, காசு தருவா” என்று மகன் பகிடி விட்டான்.

நான் பேர்சைத் திறந்து ஒரு பவுணை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தேன். வைக்கும்போது மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தப் பழைய வெள்ளிக்கிழமை நினைவிருக்கிறதோ தெரியாது. நான் கேட்கவில்லை. பேத்தி அந்த மூக்கைக் கழற்றி என் மூக்கில் மாட்டிவிட்டாள். மூன்று பேரும் சிரித்தோம்.